முருகேசனின் இடப்பக்கம்

1999 ஜூலை 14, புதன்கிழமை. குழித்துறையில் நான் ஏறும் பாசஞ்சர் அன்று நேரத்துக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் வந்து சேர்ந்தது. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. வழுதக்காட்டில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு நடந்தே போய், குடையைப் பின்பக்கத்து வராந்தாவில் விரித்து வைத்தேன். கணினிகளின் மேல் போர்த்தியிருந்த துணிகளை எடுத்து மடித்தேன். ஸ்டெபிலைசரைப் போட்டு, அதன் முள் நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்து, பிறகு கணினியைப் போட்டேன். முந்தின நாள் வரைந்த கோப்புகளை இரண்டு ஃப்ளாப்பிகளில் எடுத்தேன். ஒன்று என் மேசை இழுப்பறைக்கு, ஒன்று முதலாளி லீலா மேடத்தின் கைப்பைக்கு. படங்களைத் தாளில் வரையும் பிளாட்டரின் பேனாக்களை ஒவ்வொன்றாகத் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தேன். கறுப்பு காய்ந்திருந்தது. அதை வெந்நீரில் போட்டேன்.

என் டைரியில் இவ்வளவும் "வழக்கம்போல்" என்ற ஒரே சொல்லாக இருக்கிறது. அதன் கீழே, வேறு எந்த நாளுக்கும் இல்லாத அளவுக்கு, பக்கம் நிறைய எழுதியிருக்கிறேன்.

சென்ற மாதம் நான் ஓய்வு பெற்றேன். விடைகொடுத்த அன்று, அலுவலகத்தில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை எனக்கு மாட்டிவிட்டார்கள். இன்னும் கட்டாத ஓர் அலுவலகத்துக்குள் நான் நடந்தேன். சுவர் இருந்தது, மேசை இருந்தது, ஜன்னலுக்கு வெளியே தென்னை மரம்கூட இருந்தது. கழற்றியதும் அனிதா கேட்டாள்: "ஸ்டெல்லா சேச்சி, உங்க காலத்துல இதுக்கு என்ன செய்வீங்க?"

"பந்தல்காரரிடம் கல்யாண நாற்காலி வாடகைக்கு எடுப்போம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை எழுதித் தரச் சொன்னாள் அனிதா. எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் பேச்சு பெரும்பாலும் மலையாளம்தான். இங்கே தமிழாக்கியே எழுதுகிறேன். விட மனமில்லாத சில சொற்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

படித்தது நாகர்கோவிலில், வரைவாளர் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மைப்பேனாவால் டிரேசிங் தாளில் கோடு இழுக்கவும், தவறினால் பிளேடால் தாள் கிழியாமல் சுரண்டவும் கற்றேன். கட்டிடக்கலைஞர் லீலா மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கை வரைதல்தான். பின்பு கணினி வந்தது. படம் வரையும் கேட் (CAD) மென்பொருளை ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொண்டேன். சுரண்ட வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

எங்களுக்கு அதிகம் வந்த வேலை, புதிய இடத்துக்குக் குடிபோகும் அலுவலகங்களுக்கு உள்ளமைப்பு செய்வது. கட்டிடக்காரர் வெறும் தளத்தைக் கொடுப்பார். தூண்கள், லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறைக் குழாய்கள், அவ்வளவுதான் இருக்கும். அதற்குள் யார் எங்கே உட்கார்வது, எந்த வழியாகப் போவது, அலமாரி எங்கே, தண்ணீர்ப் பானை எங்கே என்று நாங்கள் மாதிரி வரைபடங்கள் போட வேண்டும். ஒன்று போட்டால் பத்துத் திருத்தம் வரும். மேசைகளை நகர்த்துவது, தடுப்பை இழுப்பது, கதவைத் திருப்புவது என்று என் நாள்கள் அப்படியே கழிந்தன. மேடம் மாதிரிகளுக்கு எண் போட மாட்டார். பொன்முடி போகும் பேருந்தின் நிறுத்தங்களைப் பெயராக வைப்பார். முதல் மாதிரி பேரூர்க்கடை, அடுத்தது நெடுமங்காடு, பிறகு கல்லாறு. எல்லாத் திருத்தமும் முடிந்து கட்டப் போகும் கடைசிப் படம்தான் பொன்முடி. "எண் போட்டா ஒண்ணுதான் நல்லதுன்னு பிடிவாதம் பிடிப்பாங்க. பஸ்ல போறவன் பேரூர்க்கடையிலயே இறங்க மாட்டான்" என்பார்.

லீலா மேடம் கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை கட்டுவார். குரல் உயராது. படத்தில் பிழை கண்டால் பிழை என்று சொல்ல மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். நான் சேர்ந்த புதிதில், ஒரு அலுவலகத்தின் மாதிரியை மிக ஒழுங்காக வரைந்து அவர் முன் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஸ்டெல்லே, குட எவிட வைக்கும்?" என்றார். திருவனந்தபுரத்தில் ஜூன் மாதம் காலையில் நாற்பது பேர் நனைந்த குடையோடு உள்ளே வருவார்கள். என் படத்தில் நாற்பது குடைக்கும் இடமில்லை. அன்றிலிருந்து எந்தப் படத்திலும் நான் முதலில் போடுவது வாசலோரத்துக் குடைத் தொட்டியைத்தான்.

அவருடைய இன்னொரு குணத்துக்கும் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்திய நிறுவனம். இரண்டு பேருக்கும் ஒரே அளவில் அறை வேண்டும். அளவு ஒன்றாக வந்தது. ஆனால் அண்ணன் அறைக்குள் ஒரு தூண் நின்றது. அண்ணன் முறைத்தார், தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாரம் நான் அந்தத் தூணைச் சுற்றிச் சுவரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடைசியில் மேடம் தம்பியின் அறையிலும் ஒரு தூணைப் போடச் சொன்னார். பிளைவுட்டில் செய்த பொய்த் தூண், உள்ளே கோட்டு மாட்டும் அலமாரி. இருவரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். மேடத்துக்குச் சிரிப்பு வந்ததா என்று பார்த்தேன். வரவில்லை.

இனி நாற்காலி. எந்த மாதிரியையும் கட்டுமானத்துக்கு அனுப்பும் முன், மேடம் அதை நிஜ அளவில் அந்த வெறுந்தளத்தில் பரப்பிப் பார்ப்பார். பந்தல்காரர் தங்கையா வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், கரமனையில் கடை. அவருடைய ஆட்கள் கல்யாண நாற்காலிகளையும் சாப்பாட்டு மேசைகளையும் கொண்டுவந்து என் படத்தின்படி போடுவார்கள். தடுப்பு வரும் இடத்தில் பிளைவுட் பலகைகளை நிறுத்துவார்கள். வாடிக்கையாளர் அதற்குள் நடந்து பார்த்து, இடிக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். திரையில் நூறு தடவை பார்த்தாலும் தெரியாத நெருக்கடி, அங்கே இடுப்பில் மேசை முனை இடித்ததும் தெரிந்துவிடும்.

1999இல் எங்களிடம் வந்தது, மிளகும் ஏலமும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம். ஆரியசாலைச் சந்தில் பழைய மாடிக் கட்டிடத்தில் இருந்தார்கள். நகரின் பட்டம் பகுதியில் ஒரு புதிய கட்டிடத்தின் ஐந்தாம் தளத்துக்கு மாறப் போகிறார்கள். மேசை நாற்காலிகளை அளக்க நான் ஆரியசாலைக்குப் போனேன். வாசலை ஒட்டிய அறையில் தொலைபேசி இணைப்புப் பலகையின் முன் ஒருவர் இருந்தார். நான் "மேனேஜர் இருக்கியளா?" என்று கேட்டதும் தலையைத் திருப்பாமல் சிரித்தார்.

"குழித்துறையாக்கும்?"

"எப்படித் தெரியும்?"

"இருக்கியளான்னு கேட்டீங்களே. எங்க சித்திய அங்கதான் கெட்டிக் குடுத்திருக்கு. போன்ல ஸ்டெல்லான்னு பேசினது நீங்கதானே அக்கா? நான் முருகேசன். வாங்க, இந்த டேபிள்ல எடது மூலை உடஞ்சிருக்கு, கை கீறாம அளங்க."

அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த நிறுவனத்தில் எல்லா அழைப்புகளும் அவர் கைவழியாகத்தான் போய்வந்தன. பழைய கட்டிடத்தில் சுவரைத் தொட்டபடி எங்கும் போவார். மாடிக்கும் கழிப்பறைக்கும் மேனேஜர் அறைக்கும் யார் துணையும் வேண்டாம். வெளியே போகும்போது மட்டும்தான் கோல்.

"காலடி எண்ணி நடப்பியளோ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சினிமாவில. நடுவில ஒருத்தன் வந்து பேச்சுக் குடுத்தா எண்ணிக்கை போச்சில்லியா? கைக்கு ஒரு ஓரம் வேணும். எத்தனாவது திருப்பம்னு தெரியணும். அம்புட்டுதான்."

சிக்கல் அங்கேதான். புதிய தளம் ஒரே கூடம். மேனேஜர் வர்கீஸ் அதையே விரும்பினார். சுவர் இல்லாமல் எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். இரண்டாம் மாதிரியைப் பார்க்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, முருகேசனின் மேசையைக் காட்டி, அது வேண்டாம் என்றார்.

"எனக்கு அவன்கிட்ட விரோதம் ஒண்ணும் இல்லை மேடம். அந்தக் கூடத்துல அவன் தடுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? வித்துராவுல நம்ம டிப்போ இருக்கு. அங்க ஒரு போன் இருக்கு. அங்கே உக்காரட்டும்."

வித்துரா, பொன்முடி போகும் வழியில் உள்ள சந்தை ஊர். மலையில் விளையும் மிளகை அங்கே வாங்கிக் கட்டி அனுப்புவார்கள். முருகேசனுக்கு வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள் எல்லாம் ஆரியசாலையில். பிறகு அவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் குரலில் அன்றுதான் சிரிப்பு இல்லை. "அங்க ஒரே ஒரு போன் அக்கா. மழை பெஞ்சா அதுவும் சாவும். நான் யார்ட்ட பேசுவேன்? மூட்டைட்டயா?"

மேடம் மேனேஜரிடம் வாதாடவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "நாற்காலி போட்டுப் பாக்குற அன்னைக்கு அவனும் வரட்டும். லிஃப்ட்லேருந்து அவன் இடத்துக்கும், அங்கேருந்து டாய்லெட்டுக்கும், உங்க கதவுக்கும் தனியா வந்தான்னா?"

வர்கீஸ் கொஞ்சம் யோசித்தார். "வந்தா இருக்கட்டும். ஒரு தடவை தடுக்கினாலும் வித்துரா. மேடமும் பிறகு கேக்கக் கூடாது."

அதற்குப் பிறகு போட்டதுதான் கல்லாறு என்ற மூன்றாம் மாதிரி. லிஃப்ட் தளத்தின் வடக்குச் சுவரில் நடுவில் இருந்தது. அதிலிருந்து வெளியே வந்தால் கூடம் வலமும் இடமுமாக ஏறக்குறைய சமமாகப் பிரியும். வலப்பக்கம், அதாவது மேற்கே, ஓர் இடுப்புயரத் தடுப்பை ஓட்டமாகப் போட்டேன். அதைத் தொட்டுக்கொண்டு போய், மூன்றாவது இடைவெளியில் திரும்பினால் முருகேசனின் மேசை. லிஃப்டின் இரு பக்கமும் கழிப்பறைகள், வலப்பக்கத்தில் ஆண்களுக்கு. மேனேஜரின் அறை இடப்பக்கக் கடைசியில், கிழக்கு மூலையில், அதுவரைக்கும் தொட்டுக்கொண்டு போக இன்னொரு தடுப்பு. அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும் என்று வர்கீஸ் ஏற்கெனவே முனகியிருந்தார்.

முருகேசன் அந்தப் படத்தை முன்கூட்டியே படிக்க வேண்டும் என்றார் மேடம். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கையால் வரைந்த காலத்தில், ஒரு படத்தைப் புதிய தாளில் எடுக்க, பழையதை மேலே வைத்து மூலைகளில் காம்பஸ் ஊசியால் குத்துவோம். கீழே விழும் துளைகளை இணைத்தால் படம் வந்துவிடும். அதே ஊசியை மேடம் எடுத்தார். நான் எடுத்துக் கொடுத்த பிரதியைத் தடித்த அட்டையில் ஒட்டி, சுவரும் தடுப்பும் வரும் கோடுகளில் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போனார். வேறு யாரிடமும் தரவில்லை. முடிந்ததும் அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் முள்முள்ளாகத் தட்டுப்பட்டது. அந்தப் பக்கத்தில் லிஃப்டுக்கு ஒரு சட்டைப் பொத்தானையும், முருகேசனின் இருக்கைக்கு ஒரு குன்றிமணியையும் ஒட்டி, ஆள் மூலம் ஆரியசாலைக்கு அனுப்பினார். பொத்தானிலிருந்து முள் வரிசையைப் பிடித்துப் போனால் குன்றிமணி வரும் என்று நான் போனில் சொன்னேன். மூன்று வாரம் அவர் அதை மடியில் வைத்துப் படித்தார்.

ஜூலை 14 சாயங்காலம் நான்கு மணிக்குப் பரீட்சை. முந்தின நாளே தங்கையாவின் ஆட்கள் நாற்காலிகளைப் போட்டு முடித்திருந்தார்கள்.

கறுப்புப் பேனாவை வெந்நீரில் போட்டுவிட்டு நான் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மேனேஜர் எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று கேட்கத்தான். எடுத்தது முருகேசன்.

"அக்கா, இன்னைக்கு நமக்குப் பரீட்சையாக்கும். ஒப்பிக்கட்டா?"

"ஒப்பியுங்க."

"லிஃப்ட விட்டு எறங்கினதும் எடக்கை. பலகையப் பிடிச்சோண்டு போனா மூணாவது வழி. உள்ள திரும்பினா என் சிம்மாசனம். செரியல்லே?"

என் முன்னே திரையில் கல்லாறு திறந்திருந்தது. லிஃப்டிலிருந்து வந்தால் வலக்கை. அவர் வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் இடக்கை என்றார். கழிப்பறையும் இடக்கை. மேனேஜர் வலப்பக்கக் கடைசி.

"முருகேசன், அந்த அட்டையில நீங்க எந்தப் பக்கத்தத் தடவுறீங்க?"

"முள்ளு இருக்க பக்கத்தத்தான். வேற எந்தப் பக்கம்?"

மேடம் குத்தியது படம் அச்சான பக்கத்தில். முள் எழும்பியது பின்பக்கத்தில். தாளைப் புரட்டினால் வலம் இடமாகும், இடம் வலமாகும். மூன்று வாரமாக அவர் கண்ணாடியில் தெரியும் அலுவலகத்தைப் படித்திருக்கிறார். அதை அவரிடம் சொன்னேன்.

பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "பிரெய்ல்ல நாங்க பின்னாலேருந்துதானே குத்துவோம் அக்கா. எழுத்தத் திருப்பிப் போட்டு, வலத்திலேருந்து எடத்துக்கு. முள்ளு முன்னால வாரப்ப எல்லாம் செரியா வரும். ஊசியால குத்துறவங்க எல்லாருக்கும் அது தெரியும்னு நெனச்சேன்."

வரைபடக்காரர்களான எங்களுக்கு ஊசி என்றால் அடுத்த தாளில் துளை விழுவதற்கு. அதைத் தடவிப் படித்த ஆள் எங்கள் நடுவில் ஒருவரும் இல்லை.

"பரவாயில்ல" என்றார். "ஒரு மணிக்கூர் தாங்க, மாத்திப் படிச்சிடுறேன். லிஃப்ட்... வலக்கை. மூணாவது வழி. திரும்பினா..." நின்றுவிட்டார். "திரும்பினா எடக்கை. இல்ல. வலக்கை... சாயங்காலம் அங்க எத்தன பேரு நிப்பாங்க அக்கா?"

மேடம் அதற்குள் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். சொன்னேன். ஒரு நிமிடம் அவர் தன் வலக்கை விரல்களையே பார்த்தார், ஊசி பிடித்த விரல்கள். ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார்.

"முருகேசா, லீலா மேடமாணு. நீ படிச்சது மறக்கண்டா. கேட்டோ? எடக்கைன்னா எடக்கைதான். நாலு மணிக்கு வா."

வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஸ்டெல்லே, ஆளைத் திருப்ப எத்தர நேரம்? ஆபீசைத் திருப்ப எத்தர நேரம்?"

கேட் மென்பொருளில் ஒரு படத்தை இடம்வலம் மாற்ற மிரர் என்ற ஒரே கட்டளை போதும். ஆனால் கட்டிடத்தை மாற்ற முடியாது. தூண், லிஃப்ட், வெளிச்சுவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நாங்கள் போட்ட தடுப்பு, மேசை, அலமாரிகளை மட்டும் தேர்ந்தெடுத்தேன். லிஃப்டின் நடுவே ஒரு கோடு பிடித்துத் திருப்பினேன். ஒரு நொடியில் மேற்கில் இருந்தது கிழக்கே போயிற்று.

வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு நின்றன, ஒவ்வொன்றையும் நிமிர்த்தினேன். மேசை இழுப்பறைகள் எல்லாம் இடப்பக்கம் போய்விட்டன. வாங்கப்போகும் மேசைகளுக்கு இழுப்பறை வலப்பக்கம்தான். ஒவ்வொரு மேசையையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன்.

பிறகு கழிப்பறை. முருகேசன் படித்தபடி போனால் பெண்கள் கழிப்பறைக்குள் போவார்.

மேடம் கட்டிடக்காரரின் எஞ்சினீயருக்குப் போன் செய்தார். உள்ளே பீங்கான் எதுவும் இன்னும் பொருத்தவில்லை, குழாய்கள் மட்டும்தான். "அப்போ வாசல்ல எழுதுற பேரை மட்டும் மாத்தினா மதி, அது போதும். குழாய்க்காரனை நான் பாத்துக்கிறேன்" என்றார். படத்தில் இரண்டு சொற்களை இடம் மாற்றினேன்.

கடைசியில் நின்றது தூண். மேற்குப் பாதியில் தூண்கள் ஒரே வரிசை. கிழக்கில் ஒன்று மட்டும் வரிசை தவறி உள்ளே நின்றது. கீழே வண்டி நிறுத்துமிடத்துக்காக அப்படி வைத்திருந்தார்கள். திருப்பிப் போட்ட படத்தில் அது முருகேசன் போகும் வழியின் நட்டநடுவில், மூன்றாவது இடைவெளிக்குச் சற்று முன்னால், நின்றது.

வழியைத் திருப்பினால் அவர் படித்தது வீண். நான் தடுப்பை முழுதாகக் கொஞ்சம் வடக்கே இழுத்து, தூணின் முகமும் தடுப்பின் முகமும் ஒரே நேராக வரும்படி வைத்தேன். வழி நேராயிற்று, திருப்பங்களின் எண்ணிக்கை மாறவில்லை. கணக்குப் பிரிவின் ஓர் அலமாரி மட்டும் இடமில்லாமல் வெளியே நின்றது. அதை மேனேஜர் அறையின் பின்சுவரில் சேர்த்தேன். மேடம் திரையை நெடுநேரம் பார்த்தார். கேள்வி ஏதும் கேட்கவில்லை. அந்த மௌனத்தைவிட நல்ல சான்றிதழ் அந்த அலுவலகத்தில் கிடையாது.

பிளாட்டர் வரைந்து முடித்ததும் ஆட்டோ பிடித்துப் பட்டத்துக்குப் போனோம். தங்கையா தன் ஆட்களோடு வந்திருந்தார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நேத்து மேக்க வச்சத இன்னைக்குக் கெழக்க வைக்கச் சொல்லுதீய. கல்யாண வீட்டுல மாப்பிள்ள மாறிப் பாத்திருக்கேன். மணவறையத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனத இப்பதான் பாக்கேன்."

"நாலு மணிக்குள்ள முடியுமா அண்ணாச்சி?"

"முடிக்காம? முகூர்த்தம்னு சொல்லிட்டீயல்லா." ஆட்களை அதட்டினார். "எலேய், நாலுக்குத் தாலி. தூக்குங்கல!"

முடிந்தது. கடைசிப் பலகையை நிறுத்தும்போது வர்கீஸ் படியேறி வந்துவிட்டார். பின்னாலேயே லிஃப்டில் முருகேசன். அவருடைய வழித்துணைக்கு வந்த பியூன் லிஃப்டுக்குள்ளேயே நின்றுகொண்டார். அது மேனேஜரின் கட்டளை. கோலை மடித்துப் பியூனிடம் கொடுத்துவிட்டு முருகேசன் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலை வாரி, நெற்றியில் விபூதி.

இடக்கையை நீட்டினார். பலகை கிடைத்தது. நடந்தார். முதல் இடைவெளி. இரண்டாவது. நான் தங்கையாவின் ஒரு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தூணிடம் வந்ததும் கை நின்றது. பலகையின் வழுவழுப்பு முடிந்து சிமெண்டின் சொரசொரப்பு. அட்டையில் அது இல்லை. அவர் நின்றார். வர்கீஸ் ஓர் அடி முன்னால் வைத்தார்.

முருகேசன் தூணை மேலும் கீழும் தடவினார். ஒரு தட்டுத் தட்டினார். "தூணாக்கும்?" என்றார், யாரிடமும் இல்லாமல். "இருக்கட்டும். திரும்புற எடத்துக்கு நல்ல அடையாளம்." அடுத்த இடைவெளியில் திரும்பி, நாற்காலியைத் தடவி, உட்கார்ந்தார்.

அங்கிருந்து கழிப்பறை வாசலுக்கும், திரும்பத் தன் இடத்துக்கும், பிறகு கூடத்தின் நீளம் முழுவதும் தடுப்பைப் பிடித்தபடி மேற்கு மூலைக்கும் போனார். மேனேஜர் அறையின் கதவாக நிறுத்தியிருந்த பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். "சாரே, கொச்சியிலேருந்து கால். தரட்டா?"

தங்கையாவின் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். வர்கீஸும் சிரித்துவிட்டார். தன் அறைக்குள் போய்ப் பலகைகளுக்கு நடுவே நின்று, ஜன்னல் வழியே பார்த்தார். மழை இல்லை. தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தது.

"மேடம், என் ரூம் கிழக்கேல்லா இருந்தது?"

"மாத்தினோம்" என்றார் மேடம். "அட்டையில குத்தினது நான். திருப்பிக் குத்திட்டேன். அவன் படிச்சதைத் திருப்புறதைவிட ஆபீசைத் திருப்புறது எளுப்பம்னு தோணிச்சு."

வர்கீஸ் மேடத்தைப் பார்த்தார், முருகேசனைப் பார்த்தார், கடைசியாகக் கடலைப் பார்த்தார். சாயங்காலத்தில் இங்கே வெயில் அடிக்கும், திரை போட வேண்டும் என்றார். போடலாம் என்றார் மேடம். "செரி. வித்துராவுக்கு வேற ஆளைப் பாக்கிறேன்" என்று சொல்லி, என் கையிலிருந்த படத்தில் கையெழுத்துப் போட்டார்.

முருகேசன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பக்கத்திலிருந்த கல்யாண நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, வாயைக் குவித்து நெஞ்சுக்குள் ஊதிக்கொண்டார். சட்டை முதுகில் முழுக்க நனைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தங்கையா அவருக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, "அக்கா, நீங்களும் குடிங்க. உங்க மூச்சுச் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.

வழக்கமாக ரயிலில் டைரி எழுதுவேன். அன்று நேமம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். பாறசாலை பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி இறங்கும்போது என் தோளைத் தட்டி, அடுத்தது உன் ஊர் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன் என்று அம்மா பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்லாறு கையெழுத்தாகிவிட்டாலும் பொன்முடி வரை போக வேண்டும். அதற்குள் கணக்குப் பிரிவினர் இன்னொரு அலமாரி கேட்பார்கள், ஏசிக்காரர் தடுப்பை நகர்த்தச் சொல்வார், என் மேசையில் வேறு யாராவது உட்கார்ந்து ஒரு கோட்டைப் பிடித்து இழுப்பார்கள். மறுநாள், 15ஆம் தேதி காலை, வேறு எதையும் தொடும் முன் அந்தக் கோப்பைத் திறந்தேன். லிஃப்ட் வாசலிலிருந்து மூன்றாவது இடைவெளி வரையுள்ள தடுப்பு, அந்த மேசை, அந்த நாற்காலி, கழிப்பறைப் பெயர்கள், எல்லாவற்றையும் மற்றவற்றிலிருந்து பிரித்துப் புதிதாக ஒரு லேயரில், தனி அடுக்காக, போட்டேன். ஒரு லேயரைப் பூட்டி வைத்தால் அதிலுள்ள கோடுகள் திரையில் தெரியும். யார் பிடித்து இழுத்தாலும் நகராது. அதற்கு ஒரு பெயர் கேட்டது கணினி. முருகேசன் என்று அடித்துப் பூட்டினேன்.